கடனே என்று எழுதப்படும் கட்டுரை: ஒரு மாணவியின் ஒரு பருவம்

கட்டுரை எழுதத் திணறும் கல்லூரி மாணவர்களுடன் உட்கார்ந்து வேலை பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "எனக்கு எழுத வராது, மேடம்." இந்த ஆய்வுக்குரிய மாணவியும் அதையேதான் சொன்னாள். ஆனால் என்னைச் சந்திக்க நேரம் கேட்டு அவள் அனுப்பியிருந்த மின்னஞ்சல் அப்போது என் திரையில் திறந்திருந்தது. என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, எந்தப் பாடத்தில், எந்தெந்த நேரத்தில் வர முடியும் என்று ஒன்பது வாக்கியங்களில் சொல்லியிருந்தாள். கூடுதலாக ஒரு சொல் இல்லை. படித்தவுடன் நிலைமை எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதுகிறவளுக்கு 1,500 சொற்களில் ஒரு கட்டுரை ஏன் மலையாகத் தெரிகிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு பருவத்தின் பதிவு இது. மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் ஆண்டு. அந்தப் பருவத்தில் மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு நாள் கெடு. முதல் கட்டுரையை நான்கு நாள் தாமதமாகக் கொடுத்தாள். தாமதத்துக்கான மதிப்பெண் கழிவு போகத் தேர்ச்சி மட்டும் மிஞ்சியது. திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தது நான்கே சொற்கள்: "விவரம் உண்டு. வாதம் இல்லை."

பள்ளியில் அவள் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகமும், எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் பத்துப் பதினைந்து மேற்கோள்களும் அவளுக்கு மனப்பாடம். அங்கே அவள் எழுதியவை எல்லாம் ஏற்கெனவே விடை தெரிந்த கட்டுரைகள். நூலகத்தின் நன்மை என்ன, மரம் வளர்ப்பது ஏன் நல்லது என்பதில் எழுதுகிறவருக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. கல்லூரியில் கேள்வியின் கடைசிச் சொல் "விவாதிக்க" என்று மாறியது. அந்தச் சொல் தன்னிடம் என்ன கேட்கிறது என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

எழுத வேண்டிய நாட்களில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அறையைக் கூட்டுவாள். துணிகளை மடிப்பாள். குறிப்பேட்டில் வண்ணப் பேனாவால் தலைப்புகளுக்கு அடிக்கோடு போடுவாள். இன்னும் ஒரு நூலைப் படித்துவிட்டால் தெளிவு வந்துவிடும் என்று நூலகத்துக்குப் போவாள். பிறகு அவள் சொன்ன ஒன்றை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "எழுதாத நாட்களிலும் நான் ஓய்வெடுக்கவில்லை, மேடம். படம் பார்த்தாலும் கட்டுரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்."

இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். சோம்பேறிக்கு ஓய்வாவது கிடைக்கும்.

நான் முதலில் செய்த தவறு

தவறு என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது அது நியாயமான தொடக்கமாகத்தான் தெரிந்தது. கெடு தவறுகிறாள், ஆகவே நேரத்தைக் கையாளத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். பதினான்கு நாட்களையும் கட்டம் போட்டுப் பிரித்து ஓர் அட்டவணை தயாரித்தோம். கூடவே, இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் இடைவெளி என்ற முறையையும் கொடுத்தேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் இறுதியில், தான் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறை அது. பலருக்கு உதவியிருக்கிறது.

இரண்டாம் கட்டுரைக்கான முதல் ஐந்து நாட்களில் அவள் அட்டவணையை ஒரு நாளும் மீறவில்லை. சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்தாள். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் முடிவில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு பத்தி. அதையும் மறுநாள் அழித்துவிட்டாள்.

உட்காரும் நேரத்தை அட்டவணை சரி செய்துவிட்டது. உட்கார்ந்து எந்த வேலையைச் செய்வது என்பதை நானும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. "கட்டுரை எழுது" என்று மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டிருந்தோம்.

அட்டவணையில் எனக்கிருந்த நம்பிக்கைக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் கேட்டு, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களின் சராசரிக் கணிப்பு ஏறத்தாழ 34 நாட்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்பதற்கு வந்த விடை சுமார் 49. உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். மிக மோசமான கணிப்பையும் உண்மை தாண்டிவிட்டது. திட்டம் போடும்போது நாம் வேலையைப் பார்க்கிறோம். அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் தயக்கத்தைப் பார்ப்பதில்லை.

பதினேழு முறை எழுதிய ஒரு வாக்கியம்

ஆறாம் நாள் அவளை மடிக்கணினியோடு வரச் சொன்னேன். அவள் பயன்படுத்திய எழுத்துச் செயலியில் பழைய வடிவங்கள் எல்லாம் சேமிக்கப்பட்டிருந்தன. இருவரும் அவற்றை முதலிலிருந்து புரட்டினோம்.

கேள்வி இதுதான்: "தொழிற்புரட்சி மக்களின் நேர உணர்வையே மாற்றியமைத்தது. விவாதிக்க."

முதல் நாள் காலை: "மனிதன் தோன்றிய காலம் முதலே நேரம் அவனது வாழ்வில் முக்கிய இடம் வகிக்கிறது." அடுத்த வடிவத்தில் "முக்கிய" போய் "இன்றியமையாத" வந்திருந்தது. பிறகு "மனிதன்" என்பது "மனித குலம்" ஆனது. பிறகு வாக்கியம் முழுவதும் காணாமல் போய், "காலம் பொன் போன்றது" என்று புதிதாகத் தொடங்கியது. அதுவும் போனது. இரண்டாம் நாள் மறுபடி "மனிதன் தோன்றிய காலம் முதலே." எண்ணிப் பார்த்தோம். ஐந்து நாட்களில் அந்த ஒரு தொடக்க வாக்கியம் பதினேழு முறை எழுதி அழிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பத்தி என்று ஒன்று எந்த வடிவத்திலும் இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை முறையா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பதாகவும் அன்றுதான் சொன்னாள். பள்ளியில் தமிழாசிரியர் கொடுத்தது: நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் நிமிர்ந்து அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாளாம். முதல் வாக்கியம் வெற்றெனத் தொடுத்ததாகத் தோன்றும்; அழிப்பாள். மாற்றி எழுதினால் மிகைபடக் கூறியதாகத் தோன்றும், அதையும் அழிப்பாள்.

நன்னூலின் அந்தப் பட்டியல் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எழுத்தைச் சோதிக்க அதைவிடக் கச்சிதமான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் பவணந்தியார் அங்கே பேசுவது நூலின் குற்றங்களைப் பற்றி. முடிந்த நூலுக்கு வைத்த உரைகல்லில், இன்னும் மண்ணோடு கிடக்கும் தாதுவை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள் இந்தப் பெண்.

அன்று மாலை என் குறிப்பில் நோயறிதல் என்று தலைப்பிட்டு எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். கட்டுரை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. தான் என்ன நினைக்கிறோம் என்று கண்டுபிடிப்பது ஒன்று. அதை வரிசைப்படுத்துவது ஒன்று. வாக்கியமாக்குவது ஒன்று. பிழை பார்ப்பது ஒன்று. இவள் நான்கையும் முதல் வாக்கியத்தின் மேலேயே ஏற்றுகிறாள். இன்னும் யோசித்து முடிக்காத ஒன்றை, யோசித்து முடித்தவரின் குரலில் எழுத முயல்கிறாள். மின்னஞ்சலில் இந்தச் சிக்கல் இல்லை. என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுத உட்காரும் முன்பே அவளுக்குத் தெரியும்.

எழுதும் செயலை ஆராய்ந்தவர்கள் இதை வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறார்கள். லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேயஸும் 1981-இல் வெளியிட்ட கட்டுரையில், திட்டமிடுதல், சொல்லாக்குதல், சரிபார்த்தல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, எழுதும்போது ஒன்றை ஒன்று குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும் என்று காட்டினார்கள். பழகியவர் அந்தக் குறுக்கீட்டைச் சமாளித்துவிடுவார். பழகாதவருக்குச் சரிபார்க்கும் குரலே மற்ற இரண்டையும் பேசவிடாமல் செய்துவிடும். மைக் ரோஸ் 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேரை ஆராய்ந்தார். ஐந்து பேர் எழுத முடியாமல் சிக்கிக்கொள்கிறவர்கள், ஐந்து பேர் சிக்காதவர்கள். சிக்கிக்கொண்டவர்கள் எழுத்து விதிகளை மீறவே கூடாத சட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கும் விதிகள் தெரியும். தேவைப்பட்டபோது விலக்கி வைக்கவும் தெரிந்திருந்தது. அந்த விவரத்தை என் மாணவிக்குச் சொன்னபோது அவள் முகம் சற்றே இளகியது. தன்னிடம் மட்டும் உள்ள குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கம்பு வைத்து ஜன்னலைத் தட்டிய ஆள்

ஏழாம் நாள். மடிக்கணினியை மூடச் சொன்னேன். குறிப்பேட்டையும் மூடச் சொன்னேன்; பத்தொன்பது பக்கம் குறிப்பு எடுத்திருந்தாள், எல்லாம் அடிக்கோடுகளோடு.

"படித்ததில் எது உன்னை விட்டுப் போகவில்லை? கட்டுரைக்குப் பயன்படுமா என்று பார்க்காதே. சும்மா சொல்லம்மா."

கொஞ்சம் தயங்கினாள். "ஜன்னலைத் தட்டுகிற ஆள், மேடம். கட்டுரையில் போட முடியாது. சின்ன விஷயம்."

"சொல்."

பிரிட்டனின் தொழில் நகரங்களில், விடியற்காலையில் தெருத் தெருவாகப் போய்த் தொழிலாளர்களை எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். கையில் நீளமான கம்பு. மேல்மாடி ஜன்னலில் அதை வைத்துத் தட்டுவார்கள். வாரத்துக்கு ஒரு சிறு தொகை கூலி. வீட்டில் கடிகாரம் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் ஆலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே. இதைச் சொல்லும்போது அவள் கை தானாக உயர்ந்து கம்பு பிடிப்பதுபோல் காட்டியது. முதல் சந்திப்பிலிருந்து அன்றுவரை நான் கேட்டிராத வேகத்தில் பேசினாள்.

"இதில் உனக்கு என்ன உறுத்துகிறது?" என்று கேட்டேன்.

"ஆலையில் கடிகாரம் இருந்தது, மேடம். இவர்களிடம் இல்லை. ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னால் நகர்த்தி வைப்பார்கள், மாலையில் பின்னால் நகர்த்தி வைப்பார்கள் என்று தொழிலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொந்தக் கடிகாரம் கொண்டுவந்தால் அதுவும் குற்றம். அப்படியானால்..." நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "நேர உணர்வு மாறியது என்று கேள்வியில் இருக்கிறது. மாறியது உணர்வு மட்டுமா? நேரம் யார் கையில் இருந்தது என்பது மாறிவிட்டதே."

அவள் பேசியபடியே நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன், அவளுடைய சொற்களிலேயே, எதையும் மெருகேற்றாமல். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். தாளை அவளிடம் நீட்டினேன். "இதுதான் உன் கட்டுரையின் நடுப்பகுதி. இங்கிருந்து தொடங்கு."

"முன்னுரை?"

"கடைசியில் எழுதலாம். வீட்டைக் கட்டும் முன்பே வாசலில் யாரை வரவேற்பது?"

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத்தான் இந்த ஆய்வின் திருப்பம் என்று கருதுகிறேன். அவளுக்கு நான் எந்த உத்தியையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளிடம் இருந்த கேள்வியை, அது கட்டுரைக்குத் தகுதியில்லாத சின்ன விஷயம் என்று அவளே ஒதுக்கி வைத்திருந்ததை, எடுத்து மேசை மேல் வைத்தோம்.

அதற்குப் பிறகு பத்தொன்பது பக்கக் குறிப்பும் வேறு மாதிரி தெரியத் தொடங்கியது. 1833-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. மூத்த குழந்தைகளின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. முன்பு அது வெறும் தேதி. இப்போது, ஆலை முதலாளியின் கையிலிருந்த நேரத்தில் அரசு முதன்முறையாக ஆய்வாளரை வைத்துத் தலையிட்ட இடம். பிரிஸ்டல் நகரத்தின் கடிகாரங்கள் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால் ஓடிய காலம் இருந்தது. 1847-இல் ரயில் நிறுவனங்களின் கூட்டமைப்பு கிரீனிச் நேரத்தைப் பின்பற்றப் பரிந்துரைத்தது. 1880-இல் சட்டம் அதையே நாட்டின் நேரமாக்கியது. ஓர் ஊரின் நேரம் அந்த ஊரின் கையை விட்டுப் போனதற்கான சான்று என்று இதை அவள் இரண்டாம் பகுதியில் வைத்தாள். உலக நேர மண்டலங்களுக்கு வழி வகுத்த 1884-ஆம் ஆண்டின் வாஷிங்டன் மாநாட்டைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பு இருந்தது. அது எங்கும் பொருந்தவில்லை. விட மனமில்லாமல் இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள். கடைசியில் அவளே சொன்னாள்: "மற்றொன்று விரித்தல், மேடம்." நன்னூல் அன்றுதான் அவளுக்கு முதல்முறையாகக் கைகொடுத்தது.

வேலையைப் பிரித்த விதம்

மீதி நாட்களை நான்கு வேலைகளுக்குப் பிரித்தோம். முந்தைய அட்டவணையிலிருந்து ஒரே வித்தியாசம், ஒரு நாளில் ஒரு வேலைதான்.

முதல் வரைவை அவள் பேனாவால் தாளில் எழுதினாள். இதை நான் வற்புறுத்தினேன். கணினியில் அழிப்பதற்கு ஒரு விசை போதும். அழித்ததன் தடயமும் கண்முன் இருக்காது. தாளில் அடிக்கலாம், ஆனால் அடித்தது அங்கேயே கிடக்கும், எழுதுகிறவர் முன்னால் போக வேண்டியதுதான். சரியான சொல் வராத இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போகலாம். சான்று கைவசம் இல்லாத இடத்தில் "இங்கே சான்று வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போகலாம். சுவரில் இருந்த தாளைக் கழற்றி ஒரு கோப்புக்குள் வைத்து, ஐந்து நாள் கழித்து எடுப்பதாக ஒப்பந்தம்.

இன்னொன்று அவளே கண்டுபிடித்தது. ஒரு நாள் விடுதியில் மின்சாரம் போய்விட, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்தாள். மறுநாள் உட்கார்ந்தவுடன் அந்தப் பாதி வாக்கியத்தை முடிக்க வேண்டியிருந்தது. முடித்த கையோடு அடுத்தது வந்தது. அன்றிலிருந்து தினமும் வேண்டுமென்றே பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். காலி இடத்தைப் பார்த்துத் தொடங்கும் பயம் அப்படிப் போனது. இதை இப்போது மற்ற மாணவர்களுக்கும் சொல்கிறேன்.

வரைவு முடிந்து ஒரு நாள் ஆறவிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரி எழுதச் சொன்னேன். இரண்டு பத்திகளின் ஓரத்தில் ஒரே வரி வந்தது. ஒரு பத்தியின் ஓரத்தில் எதுவுமே வரவில்லை. அவளால் அது எதைச் சொல்கிறது என்று கூற முடியவில்லை. முன்கூட்டியே சட்டகம் போட்டு எழுதுவதைவிட, எழுதியதிலிருந்து சட்டகத்தை எடுத்துப் பார்ப்பது இவளைப் போன்றவர்களுக்குப் பொருந்துகிறது என்பது என் அனுபவம். எல்லாருக்கும் அப்படியென்று சொல்லமாட்டேன். திட்டம் இல்லாமல் பேனாவைத் தொடவே முடியாத மாணவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பிறகு பத்துக் குற்றங்களின் தாள் திரும்ப வந்தது. பிறகு முன்னுரை, அரை மணி நேரத்தில் முடிந்தது. "விடிவதற்கு முன் ஒரு கம்பு ஜன்னலைத் தட்டுகிறது" என்று தொடங்கியிருந்தாள். கடைசியாக முழுக் கட்டுரையையும் என் முன்னால் வாய்விட்டுப் படித்தாள். மூச்சு முட்டிய இடங்களில் வாக்கியத்தை உடைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் கட்டுரையைக் கொடுத்துவிட்டாள்.

உதவாதவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பத்து நிமிடம் நிறுத்தாமல், மனதில் வருவதையெல்லாம் எழுதும் பயிற்சியை இடையில் கொடுத்துப் பார்த்தேன். பீட்டர் எல்போ 1973-இல் பரப்பிய முறை. இவளுக்கு அது மூன்று பக்கப் புலம்பலாக வந்தது. படிக்க வேதனையாக இருந்ததே தவிரக் கட்டுரை நகரவில்லை. இரண்டு முறைக்குப் பிறகு விட்டுவிட்டோம்.

மூன்றாம் கட்டுரையும் வழுவழுப்பான 1,500 சொற்களும்

இரண்டாம் கட்டுரைக்கு மதிப்பெண் ஓரளவு உயர்ந்தது. "நல்ல கேள்வி. முடிவில் அவசரம்" என்பது திருத்தியவரின் குறிப்பு. சென்று தேய்ந்து இறுதல். உண்மைதான், கடைசி இரண்டு பத்திகள் களைப்பில் எழுதப்பட்டவை. ஆனால் அந்தக் குறிப்பு அவள் கைக்கு வந்தபோது மூன்றாம் கட்டுரையின் கெடுவுக்கு நான்கே நாள் இருந்தது.

அதே வாரத்தில் வேறு இரண்டு பாடங்களின் ஒப்படைப்புகளும் சேர்ந்துகொண்டன. அவள் என்னிடம் வந்து, அச்செடுத்த ஒரு கட்டுரையை மேசையில் வைத்தாள். பிழையில்லை, தடங்கலில்லை, பத்திகள் ஒரே அளவு. "செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கினேன், மேடம். இன்னும் கொடுக்கவில்லை." கொடுப்பதற்கு முன் ஏன் என்னிடம் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது.

பென்சிலைக் கொடுத்து, "யாராவது உன்னை எதிர்த்துக் கேட்டால் நீ நின்று பதில் சொல்லக்கூடிய வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடு" என்றேன். படித்தாள். முதல் பக்கம் தாண்டியது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பென்சில் நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசிவரை ஒரு கோடும் விழவில்லை.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மேடம். ஆனால் இதில் யாரும் எதையும் கேட்கவில்லை."

அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. தன் பெயரில் பிறர் எழுத்தைக் கொடுப்பது தவறு என்று அவளிடம் வெளிப்படையாகச் சொன்னேன். ஆனால் அதே வெளிப்படைத் தன்மையோடு இதையும் எழுத வேண்டும்: ஒரே வாரத்தில் மூன்று கெடு வைத்ததும், முந்தைய கட்டுரையின் குறிப்பை அடுத்த கட்டுரை பாதி முடிந்த பிறகு கொடுத்ததும், "விவாதிக்க" என்ற சொல்லை விளக்காமல் விட்டதும் மாணவியின் தவறுகள் இல்லை. நாங்கள் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகக் கெடு குறிக்கிறோம். மாணவர்கள் அவற்றை ஒரே தோளில் சுமக்கிறார்கள். எழுதுவது சுமை என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சுமையில் ஒரு பங்கு எங்களுடையது.

அன்றே மூன்று நாள் அவகாசம் கேட்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினாள். என் எதிரில் உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் எழுதி முடித்தாள். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. அவகாசம் கிடைத்தது. அச்செடுத்த தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டு, "எனக்கு இதில் உறுத்துவது என்னவென்றால்" என்று அவளாகவே தொடங்கினாள். நான் தாளை எடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே அதை என்னிடமிருந்து வாங்கி, தானே எழுதிக்கொண்டாள்.

பருவ இறுதியில்

மூன்றாம் கட்டுரையை நீட்டித்த கெடுவுக்குள் கொடுத்தாள். மூன்றிலும் அதுவே அதிக மதிப்பெண் பெற்றது. வகுப்பில் முதலிடம் என்றெல்லாம் இல்லை. கட்டுரை அறிவிப்பு வரும் நாளில் இன்னும் வயிற்றைக் கலக்குவதாகச் சொல்கிறாள். அறையைக் கூட்டுவதும் நிற்கவில்லை. கூட்டி முடித்துவிட்டு உட்காரும்போது இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள்.

பாட ஆசிரியர்கள் இருவருடன் பேசினேன். ஒருவர் அடுத்த பருவத்திலிருந்து, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு மாணவர்கள் தங்கள் கேள்வியை மட்டும் இரண்டு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது என்று ஏற்பாடு செய்ய ஒப்புக்கொண்டார். மற்றவர் நேரமில்லை என்றார். அவரிடம் திருத்த வரும் கட்டுக்கட்டான தாள்களைப் பார்த்தபோது அவரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

தேர்வறைக் கட்டுரையில் மட்டும் நாங்கள் தோற்றோம். அங்கே ஆறவிட ஒரு நாள் கிடைக்காது, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போக முடியாது, வாய்விட்டுப் பேசவும் முடியாது. பருவத் தேர்வில் அவள் முதல் இருபது நிமிடத்தை முதல் வாக்கியத்தில் செலவழித்துவிட்டு, கடைசிக் கேள்வியைத் தொடாமலேயே வந்தாள். விடைத்தாளின் பின்பக்க ஓரத்தில் ஐந்து நிமிடம் தன்னோடு தானே பேசுவதுபோல் கிறுக்கிவிட்டு, விடையின் முதல் பத்திக்கு நான்கு வரி இடம் விட்டு, இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கும் பயிற்சியைப் பழைய வினாத்தாள்களை வைத்து இப்போது செய்துகொண்டிருக்கிறோம். இதுவரை ஆறு தாள்கள் முடிந்திருக்கின்றன. நான்கில் அந்த நான்கு வரி இடத்தை நிரப்ப நேரம் மிஞ்சியது.